ஒரு விரல் போதும்

அவளை முதல்முதலா பார்த்த அன்னிக்கு நான் கஞ்சி குடிச்சுக்கிட்டு இருந்தேன். அது ஒரு குத்தமா? விடிஞ்சதுலேருந்து வேலை பார்த்த பொம்பளை மத்தியானம் கஞ்சி குடிக்காம என்ன பண்ணுவா? ஒரு துண்டு கருவாட்டைக் கடிச்சு ரெண்டு மடக்குக் குடிச்சிருப்பேன். எதிர்ல பிரம்புக் கட்டு மேல உட்கார்ந்திருந்தவ மூஞ்சி வெளிறிப் போயி, காலு ரெண்டையும் மேல தூக்கிக் குத்தவச்சுக்கிட்டா. அப்புறம் சாயங்காலம் வரைக்கும் கீழ இறங்கல. தரையையே உத்து உத்துப் பார்த்துக்கிட்டு இருந்தா. முதலாளி எங்கிருந்தோ ஒரு பைத்தியத்தைக் கொண்டாந்து சரக்குக் கிட்டங்கியில விட்டுட்டாரேன்னு நினைச்சேன்.

பினாங்குல, பள்ளிவாசல் பாங்குச் சத்தம் கேக்குற தூரத்துல, கடலை ஒட்டி இருந்துச்சு அந்தக் கிட்டங்கி. ஜெர்மன்காரன் சண்டை ஓஞ்சு கொஞ்ச வருஷம் ஆயிருந்த சமயம். காட்டுச் சரக்கு வியாபாரம். அக்கரையில ஆத்தோட மேல போனா வர்ற காட்டுல மலைஜாதி ஜனங்க பிரம்பு வெட்டுவாங்க, குங்கிலியம் பொறுக்குவாங்க, தேன்மெழுகு எடுப்பாங்க, அகில் தேடுவாங்க. எல்லாம் தொங்கான் படகுல ஏறி எங்க கிட்டங்கிக்கு வரும். பதிலுக்கு உப்பும் புகையிலையும் துணியும் பாராங் கத்தியும் இங்கேருந்து போகும். நானும் இன்னும் ஆறு பொம்பளைங்களும் அந்தப் பிரம்பை மணல் போட்டுத் தேய்ச்சுக் கழுவி, வெயில்ல காயவச்சு, கந்தகப் புகை காட்டி வெளுப்பாக்கணும். கை தோலு உரிஞ்சு போகும். வாய்க்கு மட்டும் ஒண்ணும் ஆகாது. எனக்கு எப்பவுமே அது கொஞ்சம் நீளம்.

அவளைக் கொண்டாந்த தொங்கான்காரர் ஒரு மலாய்க்காரர், வயசானவர். நான் அவரை அவங்க பாஷையில அபாங், அதாவது அண்ணன்னு கூப்பிடுவேன். அவர்கிட்டதான் கேட்டேன்.

"என்ன அபாங், இவளுக்கு மண்டையில ஏதாச்சும் கோளாறா?"

"கோளாறு அவகிட்ட இல்லலா, உன்கிட்ட" அப்படின்னார். "அவ பார்க்கப் பார்க்க நீ சாப்பிட்ட. குடுக்கல. அவங்க ஜனத்துல அது பெரிய பாவம். ஒருத்தருக்கு ஆசை வந்து அது தீராமப் போனா, அன்னிக்கு அவங்களைப் பாம்பு கடிக்கும், பூரான் கடிக்கும், புலி வந்து தூக்கும். பழி குடுக்காதவ மேல."

"நான் கஞ்சி குடிச்சா அவளைப் பூரான் கடிக்குமா? நல்லா இருக்கே கதை! வேணும்னா வாயைத் திறந்து கேக்க வேண்டியதுதானே?"

"கேக்க மாட்டா. செத்தாலும் கையை நீட்ட மாட்டா. கேக்குறது அவங்களுக்கு அசிங்கம். பொருளை வச்சிருக்கிறவங்கதான் மத்தவங்க ஆசையைத் தெரிஞ்சுக்கிட்டுக் குடுக்கணும். சோறுன்னு இல்ல, எது மேல ஆசை வந்தாலும் அப்படித்தான். நிறைய வேணாம். ஒரு விரலால தொட்டு நாக்குல வச்சாக்கூடப் போதும், ஆபத்து விலகிடும்."

நான் கஞ்சிக் கலயத்தைத் தூக்கிட்டுப் போயி அவ முன்னால நீட்டினேன். ஒத்தை விரலை விட்டு எடுத்து நாக்குல வச்சா. வச்சதும் அவ மூஞ்சியில ரத்தம் திரும்பி வந்துச்சு. சிரிச்சா, இறங்கினா, என் பக்கத்துலயே உட்கார்ந்துக்கிட்டா.

அவளுக்குப் பேரு இருந்துச்சு, எங்க வாய்க்குத்தான் நுழையல. தெருவுல அவளைக் கூப்பிட்டது ஒரு கெட்ட வார்த்தை, அதை நான் இங்க சொல்லப் போறதில்ல. நான் தங்கச்சின்னேன். அவ என்னை அக்கான்னா. பாதி மலாய், பாதி நாங்க சொல்லிக் குடுத்த தமிழ், மீதி கையும் கண்ணும்.

அவ வேலை அகில் சுரண்டுறது. அகில்ங்கிறது எல்லா மரத்துலயும் இருக்காது. சீக்கு வந்த மரத்துக்குள்ள கறுப்பு கறுப்பா ஓடியிருக்கும். அவ புருஷன் நாள்கணக்கா காட்டுல நடந்து, மரத்தைத் தட்டிப் பார்த்து, மோந்து பார்த்து வெட்டிக் கொண்டாருவான். வெள்ளைக் கட்டையைச் சீவித் தள்ளிட்டு கறுப்பை மட்டும் காயம்படாம எடுக்கணும். சின்னக் கத்தி ஒண்ணை வச்சுக்கிட்டு அவ எடுக்கிறதைப் பார்க்கணுமே! சீனன் ஒருத்தன் வருஷக்கணக்கா செய்யுறவன், அவனே பக்கத்துல நின்னு வாயைப் பொளந்து பார்ப்பான். அதுக்காகத்தான் அவளை முதலாளி இங்க கொண்டாந்தார். இல்ல, அதுக்காக மட்டும்னுதான் நான் ரொம்ப நாள் நம்பிக்கிட்டு இருந்தேன்.

அவ குடுத்துக்கிட்டே இருந்தா. சாமி, என்ன சொல்றது அதை! வேர்க்கடலை திங்கும்போது நடுத்தெருவுல வண்டியில போன ஒரு சீனக்கிழவன் திரும்பிப் பார்த்தான்னு, ரிக்‌ஷாவுக்குப் பின்னால ஓடிப்போயி அவன் மடியில மிச்சக் கடலையைக் கொட்டிட்டு வந்தா. கிழவன் பயந்து போயி கத்தினான். நாங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம். இன்னொரு நாள் பலகாரக்காரன் மவன் வந்து அகில் கட்டையை ஆசையாப் பார்த்தான். அது முதலாளி சரக்கு, அவ குடுக்க முடியாது. உடனே அவன் விரலைப் பிடிச்சுக் கட்டையில தொடவச்சு அவன் நாக்குலயே வச்சுவிட்டா. "போதும், போதும்"னு அவன் முதுகைத் தடவி அனுப்பினா.

ஆனா தனக்குச் சொந்தமானதுன்னா அந்த விரல் கணக்கை அவளாச் சொல்ல மாட்டா. சொன்னா கஞ்சத்தனமாம். வாங்கிக்கிறவங்களாப் பார்த்து "ஒரு விரல் போதும்"னு சொன்னாத்தான் உண்டு. நான் சொல்லுவேன். அவ வாழைப்பழத்தை நீட்டினா, "ஒரு விரல் போதும்டி, நீ தின்னு"ன்னு தொட்டு நக்கிக் காட்டுவேன். அவளுக்கு அதுல அவ்வளவு சந்தோஷம். அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அந்தத் தெருவுல வேற ஒருத்திக்கும் வாய் வரல.

தெருவுக்கு விஷயம் தெரிஞ்சு போச்சு. அப்புறம் என்ன, கொள்ளைதான். இவ முன்னால வந்து நின்னு, "அடியே, உன் பாசிமணி எவ்வளவு அழகு, எனக்கு ஆசையா இருக்கு"ன்னா முடிஞ்சுச்சு. மணி போச்சு. புருஷன் செதுக்கிக் குடுத்த மூங்கில் சீப்பு, பூவும் கோடுமா வேலைப்பாடு போட்டது, தலையில சொருகியிருப்பா. அதை ஆப்பக்காரி கேட்டா. எடுத்துக் குடுத்துட்டா! அவங்க பொம்பளைங்களுக்கு அந்தச் சீப்பு தாலி மாதிரின்னு எனக்கு அபாங் சொல்லியிருந்தார். நான் ஆப்பக்காரி வீட்டு வாசல்ல போயி நின்னு கத்தின கத்துல அவ புருஷன் வெளிய வந்தான். "வெக்கமா இல்ல உனக்கு? பச்சைப் புள்ளை மாதிரி இருக்கிறவகிட்ட பிடுங்கித் தலையில சொருகிக்கிறியே, உருப்படுவியா?" சீப்பை வாங்கியாந்து குடுத்தேன். இவ வாங்கமாட்டேன்னுட்டா. குடுத்தது குடுத்ததுதானாம்.

முதலாளி ஆப்பக்காரி மாதிரி அல்ப ஆசைக்காரர் இல்ல. மெதுவாப் பேசுவார். அவ புருஷன் ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவை சரக்கோட வருவான். ஒரு தடவை நான் பக்கத்துலயே இருந்தேன். அவனுக்குக் காய்ச்சல், நிக்க முடியல. முதலாளி அவன் கொண்டாந்த அகில்ல ஒரு துண்டை எடுத்து மூக்குல வச்சு, பெருமூச்சு விட்டு, "இது மாதிரி இன்னும் ஒரு கூடை பார்க்கணும்னு ஆசையா இருக்கு தம்பி"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். அந்த ஆளு உட்காரக்கூட இல்ல. திரும்பத் தொங்கான்ல ஏறிட்டான். அப்பத்தான் புரிஞ்சுச்சு, இவ இங்க இருக்கிற வரைக்கும் அவன் இங்கதான் வருவான், வேற வியாபாரிகிட்ட போகமாட்டான். அதுக்குத்தான் இவளை உட்கார வச்சிருக்கு.

அடப்பாவிங்களான்னு நான் தெரு முழுக்க ஏசினேன். என்னை மாதிரி நியாயம் பேசினவ அந்தக் கரையில கிடையாது.

புள்ளை பிறந்தது கிட்டங்கியிலதான், பிரம்புக் கட்டுக்குப் பின்னால. நான்தான் தொப்புள்கொடி அறுத்தேன். பொம்பளைப் புள்ளை. சுருட்டை முடி, கொழுக் கன்னம், கண்ணைத் திறந்ததுமே ஊரை அளக்குற பார்வை. அதுக்கப்புறம் அவளுக்கு ஒரே நினைப்பு. மழை பிடிக்கிறதுக்குள்ள புள்ளையோட காட்டுக்குப் போயிடணும், அவ அம்மாகிட்ட காட்டணும். முதலாளி ஒவ்வொரு தடவையும் "அடுத்த தொங்கான்ல"ம்பார். இவ விரல் விட்டு எண்ணிக்கிட்டு இருப்பா.

இங்க என்னைப் பத்தி ஒண்ணு சொல்லணும். மூணு பெத்து மூணையும் மண்ணுக்குக் குடுத்தவ நான். அது தெருவுல எல்லாருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அவ புள்ளைக்கு மூணு மாசம் ஆகியிருக்கும். மடியில போட்டுக் கொஞ்சிக்கிட்டு இருந்தேன். நம்ம வாய் என்ன சொல்லும்? எந்தப் புள்ளையைப் பார்த்தாலும் சொல்றதுதானே! "இவளை எனக்குக் குடுத்துடுடி. நான் தூக்கிட்டுப் போயிடுவேன், உனக்குக் கிடையாது"ன்னேன். வாய் முந்திக்கிச்சு. எங்க தெருவுல பிறந்த அத்தனை புள்ளையையும் அப்படிக் கேட்டிருக்கேன். எவளும் குடுத்ததில்ல, "கொண்டு போ, ராத்திரி அழுதா நீயே முழிச்சுக்கோ"ன்னு சிரிப்பாளுங்க.

அவ சிரிக்கல. கத்தி கையிலயே நின்னு போச்சு.

"ஆசையா, அக்கா?"

"பின்ன, ஆசை இல்லாமலா? கொள்ளை ஆசை!"

அதோட நான் மறந்துட்டேன். அவ மறக்கல. மறுநாள்லேருந்து நான் நடக்குற வழியெல்லாம் எனக்கு முன்னால கூட்டினா. நான் உட்காருற பாயை எடுத்து உதறினா. கழுவப்போற பிரம்புக் கட்டை எனக்கு முன்னால அவ பிரிச்சா. சோறு திங்கல. "என்னடி ஆச்சு?"ன்னு கேட்டேன். தலையை ஆட்டிக்கிட்டு என் காலையே பார்த்தா. மூணாம் நாள் நான் அவசரத்துல ஒரு கட்டை இழுத்தேன். உள்ளேருந்து ஒரு சாண் நீளப் பூரான், கறுத்தது, என் கால்கட்டை விரல்ல போட்டுது பாரு ஒரு போடு! பிரம்புல பூரான் இருக்கிறது அதிசயமா? வருஷத்துக்கு ரெண்டு பேரைக் கடிக்கும். ஆனா அவ போட்ட கூச்சல்! அப்படி ஒரு சத்தம் அவ தொண்டையிலேருந்து வரும்னு எனக்குத் தெரியாது. எதையோ மென்னு என் கால்ல வச்சுக் கட்டினா. கட்டிட்டு எழுந்து போனா. திரும்பி வரும்போது புள்ளையைத் தூக்கிட்டு வந்தா.

ரெண்டு கையாலயும் என் மடியில வச்சா. "அக்கா ஆசை தீரட்டும்"னா. போயி அவ இடத்துல உட்கார்ந்து கத்தியை எடுத்துக்கிட்டா.

சுத்தி இருந்த பொம்பளைங்க வாயில கையை வச்சுக்கிட்டாங்க. அவ கன்னம் ரெண்டும் நனைஞ்சு, ரவிக்கை பால்ல நனைஞ்சு, கண்ணை மட்டும் அகில் கட்டையை விட்டு எடுக்காம சீவிக்கிட்டு இருந்தா. "அடியே, விளையாட்டுக்குச் சொன்னேன்டி"ன்னு நான் சொல்லியிருக்கணும். ஒரு விரலை எடுத்து அந்தக் கன்னத்துல தொட்டு, என் நாக்குல வச்சு, "போதும் தங்கச்சி, எடுத்துக்கோ"ன்னு சொல்லியிருக்கணும். நூறு தடவை வாழைப்பழத்துக்குச் சொன்னவதானே! மடியில கனமா, சூடா, புள்ளை என் கட்டை விரலைப் பிடிச்சுக்கிச்சு. என் வாய், அந்த நீள வாய், திறக்கல.

கால் வலின்னேன். நாளைக்குச் சொல்லலாம்னேன்.

வீட்டுக்குத் தூக்கிட்டுப் போனேன். எங்க வீட்டுக்காரர் மாட்டுவண்டி ஓட்டுறவர், அதிர்ந்து பேசமாட்டார். விஷயத்தைக் கேட்டுட்டு அப்படியே உட்கார்ந்துட்டார்.

"திருப்பிக் குடுத்துடு."

"அவ வாங்கமாட்டா. குடுத்தது குடுத்ததுதான்னு சொல்லுவா."

"ஒரு விரல் வச்சா முடிஞ்சுச்சுன்னு நீதானே சொல்லியிருக்க?"

"அது சோத்துக்கு. புள்ளைக்குச் செல்லுமா?"

"செல்லும்னு உனக்குத் தெரியும்" அப்படின்னார். நான் டின்பால் கரைக்கப் போயிட்டேன்.

டின்பாலைப் புள்ளை துப்பிடுச்சு. அதனால வேலைக்குப் போகும்போது தூக்கிட்டுப் போயி, "புள்ளைக்குப் பால் மேல ஆசை"ன்னு அவ முன்னால நீட்டுவேன். பாருங்க என் சாமர்த்தியத்தை! ஆசைன்னா அவ குடுக்கணுமே! உடனே வாங்கிப் பால் குடுப்பா, குடுக்கும்போது கண்ணை மூடிக்குவா. முடிஞ்சதும் துடைச்சு, ரெண்டு கையாலயும் எங்கிட்டயே திருப்பித் தருவா. ஒரு நாளைக்கு நாலு தடவை. இப்படி ஒன்பது நாள். ஆப்பக்காரியை வாசல்ல வச்சுக் கேவலப்படுத்தினவ நான். அவ எடுத்தது ஒரு மூங்கில் சீப்பு.

பத்தாம் நாள் தொங்கான் வந்துச்சு. அந்தத் தடவை அகில் ஒரு கை அளவுதான் இருந்துச்சு. கிட்டக்க இருக்கிற காட்டுல மரம் தீர்ந்து போச்சாம். இனிமே சுரண்ட ஆள் எதுக்கு? "நீ ஊருக்குப் போகலாம்"னு முதலாளி தாராளமாச் சொல்லிட்டார். அவ புருஷன் என்கிட்ட வந்தான். எலும்பும் தோலுமா இருந்தான். அவ எல்லாத்தையும் சொல்லியிருந்தா. அவன் சண்டை போடுவான், கத்தியை எடுப்பான்னு நான் புள்ளையை இறுக்கிக்கிட்டேன். அவன் குனிஞ்சு என் கால் விரலைப் பார்த்தான். காயம் ஆறிடுச்சான்னு பார்த்தான். ஆறினது தெரிஞ்சு தலையை ஆட்டிட்டுப் போனான். என்னை அந்த இடத்துலயே செருப்பால அடிச்சிருந்தாக்கூட எனக்கு அப்படி இருந்திருக்காது.

பின்னால நடந்ததை இங்கேயே சொல்லிடுறேன். அடுத்த மாசமே நான் கிட்டங்கி வேலையை விட்டுட்டேன். தண்ணிமலைப் பக்கம் குடி போயிட்டோம். அந்தத் தொங்கான் திரும்ப வந்துச்சா, யாராச்சும் வந்து சும்மா நின்னு பார்த்துட்டுப் போனாங்களான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கக் கூடாதுன்னுதான் போனேன். எங்க வீட்டுக்காரர் அதுக்கப்புறம் என்கிட்ட அளந்துதான் பேசினார். புள்ளை டின்பாலுக்குப் பழகிட்டா, வளர்ந்தா, படிச்சா, நல்ல இடத்துல குடுத்தேன், இப்ப அவளுக்கே நாலு புள்ளைங்க. சுருட்டை முடி யாரு மாதிரின்னு கேப்பாங்க. எங்க அப்பா வழின்னு சொல்லுவேன்.

தொங்கான் கிளம்பின அன்னிக்கு வெயில் சாயுற நேரம். அவ கடைசியாப் பால் குடுத்தா. துடைச்சா. ரெண்டு கையாலயும் குடுத்தா. "அக்கா நல்லா இரு"ன்னா. பலகையில ஏறி, பின் பக்கமாப் போயி, கரையைப் பார்த்து உட்கார்ந்துக்கிட்டா. கையை மடியில வச்சுக்கிட்டா. கேக்கவே இல்ல. என் முகத்தையே பார்த்துக்கிட்டு இருந்தா. நான் எதைச் சொல்லணும்னு அவ காத்துக்கிட்டு இருந்தான்னு எனக்குத் தெரியும். கயித்தை அவிழ்த்தாங்க. அபாங் சுக்கானைப் பிடிச்சுக்கிட்டு என்னையும் புள்ளையையும் மாறி மாறிப் பார்த்தார்.

நீர் வத்துற நேரம், தொங்கானை வெளிய இழுத்துச்சு. அந்தக் கரையில பத்து வருஷம் வேலை பார்த்தவ நான். வத்துற நீர்ல எவ்வளவு தூரம் போயிட்டா தொங்கானைத் திருப்ப முடியாதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். அந்தத் தூரம் வர்ற வரைக்கும் நின்னேன். வந்ததும் ஒத்தை விரலைப் புள்ளை கன்னத்துல வச்சேன். எடுத்து என் நாக்குல வச்சேன். பாவம் தீரட்டும்னு வச்சேன். அவ பார்க்கமாட்டான்னு நினைச்சேன்.

பார்த்துட்டா. விசுக்குன்னு எழுந்து நின்னா. தொங்கான் ஆடிச்சு. அவ புருஷன் அவ இடுப்பைப் பிடிச்சுக்கிட்டான். அபாங் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டார். அவ ரெண்டு கையையும் என்னைப் பார்த்து நீட்டினா. உள்ளங்கை ரெண்டும் மேல பார்த்து இருந்துச்சு. அவ வாழ்நாள்ல யார்கிட்டயும் கையை நீட்டாதவ.

நான் புள்ளையைத் தோள் மாத்திப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு நடந்தேன்.